அறுபத்து நான்கு எழுத்துகள்

நீதிமன்ற அறையின் சுவரில் பெரிய திரை ஒன்று மாட்டியிருப்பதைப் பார்த்த நாளிலிருந்து பாண்டிமீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. வழக்கில் பிடிபட்டவன் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. தண்டனை எவ்வளவு என்பதைப் பற்றிய விசாரணை நாளைக்கு. அவன் போனில் சேர்த்து வைத்திருந்த குழந்தைகளின் ஆபாசப் படங்களில் ஒன்று அவள் மகளுடையது.

"எத்தன வருஷம்னு முடிவு பண்ண, அந்தத் திரையில போட்டுத்தான பாப்பாங்க?"

அரசு வக்கீலின் ஜூனியர் பெனடிக்டா பத்து நாளாகப் பழைய தீர்ப்புகளைப் படித்துத் தண்டனைகளை அட்டவணையாக்கிக்கொண்டிருந்தாள். "இல்லக்கா. வச்சிருந்ததோட நின்னானா, யாருக்காவது அனுப்புனானா, வித்தானா, இதத்தான் எடை போடுவாங்க. படம் சீல் வச்ச கவர்ல இருக்கும். நாங்க பாக்குறது இதத்தான்" என்று ஒரு தாளை நகர்த்தினாள். ஒவ்வொரு படத்திலிருந்தும் கணினி கணக்கிட்டெடுத்த அடையாளக் குறியாக ஒரு வரி. வரிக்கு எழுத்தும் எண்ணுமாக அறுபத்து நான்கு. "படத்துல ஒரு புள்ளி மாறுனாலும் மொத்த வரியும் மாறிடும். ஆனா வரிய வச்சுப் படத்த உண்டாக்க முடியாது. உங்க பொண்ணு எந்த வரின்னு எனக்கே தெரியாதுக்கா."

பாண்டிமீனா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். எங்கும் முகமில்லை.

"அப்பாடா" என்று சிரித்தேவிட்டாள்.

பிறகு வரிகளின் மேல் விரலை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனாள். தாள் முடிந்தது. பெனடிக்டா அடுத்த தாளைக் கொடுத்தாள்.

"மத்தப் புள்ளைங்களோட அம்மாமாருக்கும் இதச் சொல்லிட்டீங்களா, வக்கீலம்மா?"