வரைபடத்தின் முதுகு

ஒன்பதாம் கட்டத்தை நிரப்பவும் முடியவில்லை, வெறுமையாக விடவும் முடியவில்லை.

'வேலை நடக்கும் இடங்கள். வரைபடத்தை இணைக்கவும்' என்றது படிவம்.

வரைபடம், நிதிய அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்க்கும் சிவமலரின் மேசையில்தான் கிடந்தது. அதன்மேல் இங்கெர் மாரித்தின் இரண்டு கைகளும் கிடந்தன.

நோர்வேயின் வடகோடியிலிருந்து காலை விமானத்தில் ஒஸ்லோ வந்திருந்தார் அவர். சாமிப் பழங்குடியைச் சேர்ந்தவர். தங்கள் ஆற்றைத் தாங்களே பராமரிக்க அவருடைய ஊரவர்கள் நிதி கேட்டிருந்தார்கள்.

ஆற்றங்கரையில் ஏழு இடங்களில் ஏழு கற்கள். மீன் பிடித்தால் முதல் மீனை அந்தக் கல்லுக்குப் படைப்பார்கள். அந்த ஏழு இடங்களிலும் இப்போது கரை சரிகிறது.

சரியும் மண் ஆற்றின் அடியிலுள்ள சரளையை மூடுகிறது. மீன் முட்டையிடுவது அந்தச் சரளையில்தான். கற்களின் இடுக்கால் நீர் ஓடினால்தான் முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு மூச்சு. இடுக்கு அடைபட்டால் குஞ்சு உள்ளேயே செத்துப்போகும்.

நிதியத்தின் சபை இரண்டு மணிக்குக் கூடுகிறது. அடுத்த கூட்டம் அடுத்த வருடம். அதற்குள் இன்னொரு முறை பனி உருகும், இன்னொரு முறை கரை சரியும்.

சபைக்கு ஒரு விதி இருந்தது. இடம் எதுவென்று கோப்பில் இல்லாத வேலைக்கு நிதி இல்லை. வேலை நடந்ததா என்று பிறகு எப்படிப் பார்ப்பது?

கோப்புக்கும் ஒரு விதி இருந்தது. அதிலுள்ள எதையும் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும்.

அன்று காலையே ஒருவர் கேட்டிருந்தார். மலைநடை வழிகாட்டிப் புத்தகம் எழுதுகிறவர். இந்த வருட விண்ணப்பங்களின் எல்லா வரைபடங்களும் வேண்டுமாம்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் இப்படித்தான் கற்களின் பட்டியல் ஒன்று வெளியே போனது என்றார் இங்கெர் மாரித். அடுத்த கோடையில் கூடாரங்கள் வந்தன. கோடை முடிந்தபோது ஒரு கல் இருந்த இடத்தில் குழி இருந்தது.

விதிவிலக்குக் கேட்கலாம். அதற்கு மூன்று வாரம் வேண்டும். மணி ஒன்று முப்பத்தைந்து.

பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரு பெரிய வட்டமாகப் போட்டால்? போன கூட்டத்தில் சபை அப்படி இரண்டு வட்டங்களைத் திருப்பி அனுப்பியிருந்தது.

உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தால்?

பதிவு மேசையிலிருந்த பிலேந்திரன் சிரித்தார். பதினைந்து வருடமாக அந்த அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் முத்திரை குத்துகிறவர்.

"ஒட்டின கவரும் கடுதாசிதான், பிள்ளை. பிரிச்சுத்தான் குத்துவன். என்ரை மேசைக்கு வந்தால் ஊருக்கே வந்த மாதிரி."

"இருபத்தஞ்சு நிமிசம் இருக்கண்ணை. பகிடி விடாமல் கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் சிவமலர்.

இங்கெர் மாரித் பொறுக்கவில்லை. நிதி வேண்டாம் என்று அமைதியாகச் சொன்னார். கல்லைக் கொடுத்துக் கரையை வாங்க முடியாது என்றார்.

வரைபடத்தைத் தூக்கினார், மடிப்பதற்காக.

சிவமலர் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தாள். அவளுக்குத் தெரிந்தது தாளின் முதுகு மட்டும்.

வெள்ளைத் தாள். தடித்த பேனாவின் மை ஊறி வந்த ஏழு கறுப்புப் புள்ளிகள். ஆற்றின் கோடு இல்லை, மலை இல்லை, ஒரு பெயரும் இல்லை.

"மடிக்காதீர்கள்!" என்று நோர்வேஜிய மொழியில் கத்தியே விட்டாள்.

கூட்ட அறைக்கு ஓடி, திரையில் படம் காட்டப் பயன்படும் கண்ணாடித்தாள் ஒன்றை எடுத்துவந்தாள். வரைபடத்தின் மேல் விரித்தாள். பேனாவை இங்கெர் மாரித்திடம் நீட்டினாள்.

புள்ளிகளை மட்டும் வைக்கச் சொன்னதும் அவர் பேனாவை வாங்கினார். பிறகு ஏழு புள்ளிகளையும் ஒவ்வொன்றாக வைத்தார்.

இரண்டு மூலைகளில், வரைபடத்திலும் கண்ணாடித்தாளிலும் ஒரே இடத்தில் விழும்படி, சிறு சிலுவைக் குறி போடச் சொன்னாள் சிவமலர். குறிமேல் குறி பொருந்தினால் ஏழு புள்ளிகளும் ஆற்றங்கரையிலேயே உட்காரும். வேறெந்த வரைபடத்தில் வைத்தாலும் ஒன்றிரண்டாவது மலையுச்சியில் ஏறி நிற்கும். வேறு இடத்தைக் காட்டிச் சபையை ஏமாற்ற முடியாது.

பிலேந்திரன் எழுந்து வந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வடக்கு எந்தப் பக்கம்? ஒரு சென்ரிமீற்றர் எத்தினை கிலோமீற்றர்?"

"அது வரைபடத்திலை இருக்கு. வரைபடம் அவவோடை போகுது."

அவர் முத்திரையை மையில் அழுத்தினார். குத்தினார்.

சபையில் இங்கெர் மாரித் தன் வரைபடத்தைத் தானே விரித்தார். தலைவர் கண்ணாடித்தாளை அதன்மேல் வைத்துப் பார்த்தார். மற்ற நால்வரும் எழுந்து வந்து பார்த்தார்கள். கண்ணாடித்தாள் கோப்புக்குள் போனது. வரைபடம் அவருடைய பைக்குள் போனது. நிதிக்கு ஐந்து கைகளும் உயர்ந்தன.

புத்தகக்காரருக்கு அன்றே பதில் போனது. கேட்டதை மறைக்காமல் கொடுத்தார் பிலேந்திரன்: ஏழு புள்ளிகள், இரண்டு சிலுவைகள்.

அடுத்த வருடம் வேலையைச் சரிபார்க்கப் போகும் அதிகாரி ஒஸ்லோவிலிருந்து கண்ணாடித்தாளை மட்டும் கொண்டுபோவார். இங்கெர் மாரித் தன் வீட்டுக் கதவைத் திறந்து தன் வரைபடத்தை விரித்தால்தான், எங்கே போகவேண்டும் என்று அந்த அதிகாரிக்குத் தெரியும்.