புது வாசர்

"பழைய வாசரையே போட்டா என்னங்க? நல்லாத்தானே இருக்கு," என்றாள் சர்மிளா.

காருக்கடியில் படுத்திருந்த யோகராஜ், ஒயில் நட்டைக் கழற்றி அதிலிருந்த வாசரை, கறுத்த செப்பு வளையத்தை, அவளிடம் நீட்டினான்.

"ஒழுகும். புது வாசர் வாங்கவே பூண்டுலோயாவுல இருந்து தலவாக்கலைக்கு பஸ்ல போயிட்டு வந்திருக்கேன். பழச வீசிட்டுப் புதுச எடுத்துட்டு வா."

"ஒயில் வடியட்டும். தேத்தண்ணி ஊத்திட்டு வர்றேன்."

பத்து நிமிடத்தில் தேத்தண்ணியும் பளபளக்கும் வாசருமாக வந்தாள். அவன் அதைப் போட்டு நட்டை இறுக்கினான். புது ஒயில் ஊற்றி, காரை ஸ்டார்ட் செய்து, அடியில் ஒரு அட்டையை விரித்தான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"பாத்தியா? ஆறு வருசமா ஒயில் மாத்துறப்பல்லாம் புது வாசர் போடுறேன். அதான் ஒழுகல. நீயும் ஒத்துக்க."

"ஒத்துக்கிட்டேங்க."

சர்மிளா சமையலறைக்குப் போய், விரல்களில் ஒட்டியிருந்த புளியைக் கழுவினாள். குத்துவிளக்கோடு வருடம் ஒருமுறை அந்தப் பழைய வாசரையும் அவள் புளி போட்டுத் தேய்ப்பாள். ஆறு வருடமாகக் காரில் இருப்பது அது ஒன்றுதான்.

தலவாக்கலையிலிருந்து வந்த புது வாசரை, அவன் எட்டியே பார்க்காத சமையலறை ஜன்னல் திரையில் ஆறாவது வளையமாக வைத்துத் தைத்தாள். திரையின் ஒரு ஓரம் மட்டும் இன்னும் வளையமில்லாமல் தொங்கியது.

"என்னங்க," என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அடுத்த தடவ ரெண்டா வாங்கிட்டு வந்துருங்க."