ஒரு தடவைக்கு ஒரு கோன்

"பாக்கெட்டு, எழுந்திரு. ஸ்டோருக்குப் போய் வெள்ளை நூல் ஒரு கோன் வாங்கிட்டு வா."

சூப்பர்வைசர் சொன்னதும் காலர் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தத் தையல் ஆலையில் சட்டையில் யார் எதைத் தைக்கிறார்களோ அதுதான் பெயர். காலர் தைப்பவள் காலர் அக்கா. பக்கத்து மிஷினில் பாக்கெட் தைக்கிற பெண் பாக்கெட். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

பாக்கெட் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பை இழுத்து இழுத்து நடந்தாள். ஸ்டோர் அந்தக் கோடியில் இருந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது நடை.

"ஏன் சார், பத்து கோனையும் மொத்தமா வாங்கி வெச்சா ஆகாதா? மணிக்கு ஒண்ணுன்னு வாயும் வயிறுமா இருக்கற புள்ளையை அலைய விடறீங்களே!"

"உன் வேலையைப் பாரும்மா."

"அப்ப நான் போறேன்."

"நீ எழுந்தா காலர் நின்னுபோகும். உட்காரு."

பாக்கெட் திரும்பி வந்து உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தாள்.

"ஏண்டி, முடியாதுன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"பரவாயில்லக்கா. விடுங்க."

"என்ன பரவாயில்ல? நானும் ரெண்டு பெத்தவதான். வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவனா பதில் சொல்லுவான்?"

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதைப் பெருசு பண்ணாதீங்க."

வாயில்லாப் பூச்சி என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தனக்கு இருக்கிற வாய் இரண்டு பேருக்குத் தாங்கும் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் நேராக மாடியில் இருந்த மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். நாற்காலிகூடப் போட்டார். இரண்டு மணிக்குக் கீழே இறங்கி வந்து, அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டார்.

"என்னய்யா, மாசமா இருக்கற பொண்ணை இப்படியா நடக்க விடுவே? உன் வீட்ல பொம்பளைங்களே இல்லையா? இனிமே சாயங்காலம் மணி அடிக்கற வரைக்கும் அந்தப் பொண்ணு நாற்காலியை விட்டு எழவே கூடாது. நூல் அவ மிஷின்கிட்ட வந்து இறங்கணும்."

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சற்று நேரத்தில் ஒரு பெட்டி நிறைய நூல் வந்து பாக்கெட்டின் காலடியில் இறங்கியது. அக்காவுக்குக் காலையிலிருந்து இருந்த இடுப்பு வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

"பார்த்தியா? கேட்கற விதத்துல கேட்டா நடக்கும். இனி நிம்மதியா உட்காரு."

பாக்கெட் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"ஏண்டி அழறே?"

"ஒரே இடத்துல உட்கார்ந்தே இருந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும், உனக்கும் ஆபத்து குழந்தைக்கும் ஆபத்து, மணிக்கு ஒரு தடவை எழுந்து நடன்னு டாக்டரம்மா எழுதியே குடுத்திருக்காங்கக்கா. போன மாசம் அதை மேனேஜர்கிட்ட நீட்டினேன். 'நடக்கணும்னா வேலையை விட்டுட்டு வீட்ல போய் நட'ன்னுட்டார்."

அக்கா மிஷினை நிறுத்தினாள்.

"அடிப்பாவி... இதை என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"'யார்கிட்டயும் மூச்சு விடாதே, மேலே தெரிஞ்சா ரெண்டு பேர் வேலையும் போயிடும்'னு சொல்லித்தான், சூப்பர்வைசர் சார் தினமும் ஒவ்வொரு கோனா வாங்கிட்டு வரச் சொன்னார்க்கா."