இலவச டிக்கெட்டுக்கு ஒரு அக்கா

“இது மோசடி இல்லையாண்ணே?” என்றார் ஜேம்ஸ், விமான நிலையத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டே.

“மோசடியெல்லாம் பெரிய வார்த்தை ஜேம்ஸ். சின்னப் பொய், அவ்வளவுதான்” என்றார் தேவநேசன்.

தேவநேசன் பர்மாவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் மேனேஜர். ஆபீஸ் செலவில் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் பறந்து பறந்தே விமானக் கம்பெனியின் தங்க அட்டையைச் சம்பாதித்துவிட்டார். அந்த அட்டைக்கு வருஷம் ஒரு தரம் துணைக்கு வருபவருக்கு டிக்கெட் இலவசம். ஒரே நிபந்தனை, வருவது மனைவியாகவோ ரத்த உறவாகவோ இருக்க வேண்டும்.

மனைவி ரோஸ் மகளின் பிரசவத்துக்காக முன்னாலேயே சென்னை போய்விட்டாள். அங்கே பத்தியம் சமைக்கவும் குழந்தைத் துணி துவைக்கவும் ஆள் வேண்டும். சென்னையில் ஆள் வைத்தால் சம்பளம் கேட்கிறார்களாம். என்ன அநியாயம்!

அதனால்தான் பின் சீட்டில், பையை மடியில் அணைத்தபடி, சமையல்காரி ஆன்மேரி.

சில வருஷங்களுக்கு முன் மோல்மீனிலிருந்து வந்தவள். “யாருமில்லாத விதவை, பாவமேன்னு வீட்டோட வெச்சிருக்கோம்” என்று தேவநேசன் சொல்லப்போய், பாஸ்டர் பிரசங்கத்திலேயே அவரைப் பாராட்டிவிட்டார். அவர் எத்தனை அடக்கமாகத் தலை குனிந்தார் என்று பசுந்தாங் பேட்டைத் தமிழர்களிடையே ஒரே பேச்சு. ஆன்மேரி அந்த நேரம் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அங்க கவுண்டர்ல கேட்டா என்ன சொல்லணும்?” தேவநேசன் பின்னால் திரும்பினார்.

“உங்க கூடப் பொறந்த அக்கான்னு சொல்லணும், ஐயா.”

“ஐயா போடாதேன்னு சொன்னேனில்ல?”

“சரிங்க ஐயா.”

ஜேம்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “மாட்டிக்கிட்டா கார்டையே பிடுங்கிடுவாங்கண்ணே. இந்தம்மாவையும் திருப்பி அனுப்பிடுவாங்க.”

“எப்படிய்யா கண்டுபிடிப்பாங்க? நம்ம ஊர் பாஸ்போர்ட்ல குடும்பப் பேரா இருக்கு? அவ பேரு ஆன்மேரி, என் பேரு தேவநேசன். அக்கா தம்பியா, அடுத்த தெருவான்னு எவனுக்குத் தெரியும்?”

ஜேம்ஸ் சர்ச் கமிட்டிக்காரர். பொய் என்றாலே அவருக்கு ஆகாது; அடுத்தவர் சொல்லும் பொய் என்றால் அறவே ஆகாது. பெட்டி தூக்க உதவுகிறேன் என்று கவுண்டர் வரைக்கும் கூடவே போனார். இப்படி ஒரு வேடிக்கையை யார் விடுவார்கள்?

கவுண்டரில் இருந்த பர்மியப் பெண் இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டினாள்.

“துணை டிக்கெட் குடும்பத்தாருக்கு மட்டும்தான் சார். இவங்க?”

“என் சொந்த அக்கா.”

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மனுஷர் நாடகத்தில் சேர்ந்திருக்க வேண்டியவர் என்று ஜேம்ஸ் நினைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் தேவநேசனின் கோட்டைப் பார்த்தாள். ஆன்மேரியின் ரப்பர் செருப்பைப் பார்த்தாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

“நீங்க பேசாதீங்க சார். அம்மா, நீங்க சொல்லுங்க. பொய் சொன்னா டிக்கெட்டை ரத்து பண்ணிடுவேன். இவர் உங்களுக்கு நிஜமாவே என்ன வேணும்?”

ஆன்மேரி பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. ஏ.சி. குளிரிலும் தேவநேசனுக்கு வேர்த்தது.

“சொல்லேன்! கார்ல மட்டும் ஒழுங்கா சொன்னியே?” என்று தமிழில் பல்லைக் கடித்தார்.

வசமாக மாட்டினார் என்று ஜேம்ஸுக்கு உள்ளூரக் குஷி. ஞாயிற்றுக்கிழமை இதை யாரிடம் முதலில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டார்.

ஆன்மேரி ஜேம்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தேவநேசன் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்:

“கார்ல பொய்யா சொல்லச் சொன்னே, சொன்னேன் தம்பி. இந்தப் பொண்ணு நிஜத்தையில்ல கேக்குது? நான் உன் அக்கான்னு நம்ம ஆளுங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு, செத்துப்போன நம்ம அம்மா மேல சத்தியம் வாங்கினியே... ஜேம்ஸ் ஐயா முன்னால சொல்லலாமா?”