தெருவை அடைத்த படகு

டிராக்டர் இழுத்து வந்த படகு தெருவையே அடைத்தது. பெரிய காஞ்சிபுரத்துப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். முன்னால் சிவப்புக் கொடியோடு நடந்து வந்த துரைக்கண்ணு பர்மிட்டை நீட்டினார்.

“பகல்ல போகணும், முன்னாடி கொடி புடிக்கணும். எல்லாம் சரிதான்பா. ஆனா ஓரத்துல தறிக்குப் பட்டு நூலைப் பாவா நீட்டியிருக்காங்க. திரும்பும்போது அறுந்தா யாரு பதில் சொல்றது?”

“அறுவாதுங்க. பாலாத்துல வெள்ளம் வந்தா எங்க ஊருக்கு இந்தப் படகை உட்டா வேற வழியில்ல.”

போலீஸ்காரர் அரை மனதோடு தலையாட்டினார். துரைக்கண்ணு கொடியை அசைத்தார். முண்டாசு கட்டிய டிரைவர் பின்னால் பார்த்தபடியே ஓட்ட, ஓர் இழைகூட அறாமல் படகு தெருமுனையில் திரும்பியது.

“சபாஷ்! யாருப்பா அந்த ஆளு, உன் தம்பியா?”

வியர்வை துடைக்க டிரைவர் முண்டாசை அவிழ்த்ததும் கொண்டை சரிந்தது.

“எம் பொண்டாட்டி லோகாம்பாளுங்க!” என்றார் துரைக்கண்ணு, தெருவுக்கே கேட்கும்படி.