முன்னும் பின்னும்

கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பார்த்தாள்.

கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"ஏம்மா, எல்லாரும் மேல பெயின்ட்டப் பாப்பாங்க. நீங்க கோழி வாங்குற மாதிரி வயித்தப் பாக்குறீங்க. பேரனுக்கா?"

"எனக்கு."

ரயில் பெட்டி. உள்ளங்கை தாண்டி நீளம். வாங்கித் தண்டவாளத்தில் வைத்தால் அப்படியே ஓடும் பொம்மை. பொம்மை என்று சொன்னால் வாங்குகிறவர்களுக்குக் கோபம் வரும்.

முதல் பெட்டி மேலே ஸ்லீப்பர், அடியில் ஏசி. செய்தவன் ஒரே வயிற்றை எல்லாவற்றுக்கும் ஒட்டியிருக்கிறான்.

வைத்துவிட்டாள்.

இரண்டாவதற்கு பிரேக் கட்டை சக்கரத்தைத் தொடவே இல்லை. இது எந்த ஸ்டேஷனில் நிற்கும்?

ஆறு பெட்டியைக் கவிழ்த்தாள். ஏழாவது ஜெனரல் பெட்டி. ஜன்னலோரம் நீலம் பிசிறியிருந்தது. யாரும் தொடாமல் கிடந்தது.

அடியில் எல்லாம் இருந்தது. பேட்டரிப் பெட்டி, தண்ணீர்க் குழாய், ஸ்பிரிங். இருக்க வேண்டிய இடத்தில்.

"இது."

திருச்சியில் இந்த மாதிரி ரயில்களை மேசையில் ஓட்டுகிற கிளப்பில் எல்லாரும் பெரிய ஆட்கள். டாக்டர், பேங்க் மேனேஜர், ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி. பெட்டியை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். மூன்று சுற்று தடம் புரளாமல் ஓடினால் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் சேர்த்துக்கொள்வார்கள். புரண்டால் டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

போன மாதம் அவளுக்குக் கொடுத்தார்கள். வளைவில் கவிழ்ந்தது. லேசான பெட்டி.

இந்த முறை வீட்டில் பத்து நாள் எடுத்துக்கொண்டாள்.

சக்கரத்தை நகத்தால் தட்டினாள். பிளாஸ்டிக். சத்தம் செத்திருந்தது. உலோகச் சக்கரம் மாற்றினாள். மறுபடி தட்டினாள்.

கணீரென்று கேட்டது.

சீட்டுக்கு அடியில், சக்கரங்களுக்கு நேர் மேலே, தூண்டில் ஈயத்தைத் தட்டையாக்கி ஒட்டினாள். நடுவில் வைக்கவில்லை. பாரம் எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பழைய ஸ்பேனரின் துருவைச் சுரண்டி பிரேக் கட்டையில் பூசினாள்.

கக்கூஸ் குழாய்க்குக் கீழே சக்கரத்தில் என்ன நிறம் படியும் என்று பெட்டி செய்த கம்பெனிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் தலையில் சொட்டியிருக்கிறது.

பிட் லைன். தண்டவாளங்களுக்கு நடுவே வெட்டிய குழி. மேலே பெட்டி நிற்கும். குழியில் இறங்கி அண்ணாந்து வேலை பார்க்க வேண்டும்.

ஆள் இறங்கினால் வண்டிக்கு முன்னால் ஒரு சிவப்புக் கொடி, பின்னால் ஒரு சிவப்புக் கொடி. கொடி இருக்கும்வரை எவனும் வண்டியை அசைக்கக் கூடாது.

புருஷன் இறங்கிய அன்று ஒரு பக்கம்தான் கொடி.

இன்ஜின் மறுபக்கம் வந்தது.

அவன் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். அதே குழி. அடுத்தவர் நட்ட கொடியை அவள் நம்பியதில்லை. இரண்டு கோடிக்கும் நடந்துபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை.

முதல் சுற்று. இரண்டாவது. மூன்றாவது சுற்றில் அந்த வளைவு.

பெட்டி சாயவில்லை. வழுக்கிக்கொண்டு போகாமல், எடையோடு போனது.

கிளப் செயலாளர் தாமோதரன் பல் டாக்டர். பெட்டியை எடுத்துக் கவிழ்த்தார். வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"நான் பல்லுலகூட இவ்வளவு உள்ள போய் வேலை பாத்ததில்லம்மா."

"பல்லு ஓடாது டாக்டர்."

பெட்டி ஆளாளுக்குக் கை மாறியது. எல்லாரும் அதைக் கவிழ்த்தே பார்த்தார்கள். ஓய்வு பெற்ற அதிகாரி மட்டும் அந்தச் சக்கரத்து நிறத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் கொடுத்தார்.

நாலு மணிக்கு ஓட்டம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். அதிலிருந்த குட்டி பிட் லைனில், குழிக்கு மேலே, வண்டி கோர்த்து நின்றது. கடைசிப் பெட்டி அவளுடையது.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு சின்ன ஆள். பயணிப் பொம்மையாக வாங்கியவன். அவன் மேல்கோட்டைச் சீவி எடுத்து, காக்கி பூசியிருந்தாள். முகம் மேலே பார்த்திருந்தது.

இடுக்கியால் பிடித்து, பெட்டிக்கு அடியில் குழிக்குள் வைத்தாள்.

குண்டூசியில் ஒட்டிய சிவப்புத் துணி. முன்னால் ஒன்று. மேசையைச் சுற்றி நடந்துபோய், பின்னால் ஒன்று.

"பிரமாதம்மா," என்றார் தாமோதரன். கை வண்டியைக் கிளப்பும் திருகு மேல் இருந்தது. "எடுத்துரலாமா?"

"கீழ ஆள் இருக்கு."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

மணி நாலு தாண்டியது.

அவள் குனிந்தாள். அவசரப்படவில்லை. இடுக்கியை உள்ளே விட்டு அவனை வெளியே எடுத்தாள். தூசியை ஊதினாள். பிளாட்பாரத்தில் விளக்குக் கம்பத்தில் சாய்த்து நிறுத்தினாள்.

முன்கொடியைப் பிடுங்கினாள். நடந்துபோய், பின்கொடியை.

"இப்ப எடுங்க."

வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டியும் அவனைக் கடந்து போனது.