ஆறு மணி வெளிச்சம்

மெஹ்ரினுக்கு மட்டும் கிழங்கு எப்படி வைக்கிறது?

ராஜேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே ஆராய்ச்சி. கோலாலம்பூர் வெக்கையில் உருளைக்கிழங்கு வைக்காது என்பதால், ஒரே குளிரூட்டிய அறையில்தான் செடி வளர்த்தார்கள். கிழங்கு பருக்கும்போது மாவுச்சத்தை உண்டாக்கும் மரபணுக்களில் எது எப்போது விழித்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

மெஹ்ரின் சுண்டைக்காய் அளவு, எலுமிச்சை அளவு என்று எடுத்து உறைய வைத்துக்கொண்டே இருந்தாள். ராஜேஸ்வரியின் தொட்டிகளில் வெறும் இலை. டிசம்பரோடு அவள் உதவித்தொகை முடிகிறது.

நாலு மணிக்கு அறை விளக்கு தானாக அணையும். அதற்கு மேல் மெஹ்ரின் கறுப்புத் துணி வேறு போட்டு மூடுவாள்.

"செடிக்குக் கொசுவலையா லா?" என்று முதல் நாளே ராஜேஸ்வரி கேலி செய்தாள்.

"இருட்டு நல்லதுதானே ராஜி. நீயும் போடேன்."

"என் செடிக்கு அவ்வளவு வெட்கம் கிடையாது."

மெஹ்ரின் கிள்ளான் ரயிலுக்குக் கிளம்பியதும், ஆறு மணிக்கு ராஜேஸ்வரி உள்ளே போவாள். விளக்கைப் போட்டு, துணியின் ஓரத்தை மட்டும் தூக்கி, மெஹ்ரினின் தொட்டி மண்ணைக் கிளறிக் கிழங்குகளை எண்ணுவாள். பத்து நிமிடம். நேற்று ஏழு, இன்று ஒன்பது. பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைக்குப் போய் வாழை இலை முன்னால் உட்கார்ந்தால் சோறு இறங்காது.

கடைசியில் பேராசிரியர் ஜெயராஜிடம் போய் நின்றாள்.

"என் செடிய யாரோ என்னமோ பண்றாங்க சார்."

பெயர் சொல்லவில்லை. சாவி இருவரிடம்தான் இருந்தது.

மறுநாள் அவர் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். அறையின் வெளிச்சத்தை நாள் முழுக்கப் பதியும் கருவி கொடுத்தது.

"தினம் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் லைட் எரிஞ்சிருக்கு. தொடர்ச்சியா இருட்டு இல்லன்னா இந்த ரகம் கிழங்கே வைக்காது. மூடி வச்ச செடி தப்பிச்சிருச்சு. லைட்டைப் போட்டது யாரு? அவங்க இனி அந்த ரூம் பக்கமே வரக்கூடாது."

ராஜேஸ்வரி தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நான்தான் சார்" என்றாள் மெஹ்ரின்.

"நீயா?" அவர் மேசையைத் தட்டினார். "சாவிய வை. பினாங்கு மாநாட்டுக்கும் நீ போக வேணாம். உன் கிழங்குல பாதிய இவகிட்ட கொடு."

வெளியே வந்ததும் ராஜேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"நான்தான்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். ஒருநாள் ரயிலை விட்டுட்டுத் திரும்பி வந்தேன். கதவுக்கடியில வெளிச்சம். மூணு வாரம் ஆச்சு."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மெஹ்ரின்!"

மெஹ்ரின் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"வேணும்னேதான் சொல்லல. சொல்லியிருந்தா உன் செடியும் கிழங்கு வச்சிருக்குமே, ராஜி."